தைப்பொங்கலோடு பூட்டு

மழைநீர்த் தாங்கிகளுக்குத் திறப்பு விழா பெரும்பாலும் கார்த்திகை, மார்கழியில்தான் நடக்கிறது. அப்போது குழாயைத் திருகினால் தண்ணீர் பாய்ந்து வரும், படமும் வடிவாக வரும். என்னைக் கேட்டால் விருந்தினரை ஆடி மாதத்தில் கூப்பிட வேண்டும். கச்சான் காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கும்போது வந்து அந்தக் குழாயைத் திருகிப் பார்க்கட்டும்.

நான் வவுனியா வடக்கில், நெடுங்கேணியிலிருந்து கிரவல் றோட்டில் உள்ளே போகிற ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தரம் 9 வரைக்கும் பிள்ளைகள் நூறு பேரளவில். சுகாதாரப் பொறுப்பு என்னிடம் என்பதால் குடிதண்ணீரும் என் தலையில்தான். தாங்கி, பீலி, வலை, நுளம்பு, திறப்பு எல்லாவற்றையும் பற்றி இவ்வளவு கதைக்கிற ஆளாக நான் மாறியது அப்படித்தான். வீட்டில் சிரிக்கிறார்கள்.

முதலில் எங்கள் தண்ணீரைச் சொல்ல வேண்டும். வளவில் ஒரு கிணறும் கைப்பம்பி பூட்டிய ஒரு குழாய்க்கிணறும் இருக்கின்றன. இரண்டும் கண்ணுக்குத் தெளிந்த தண்ணீர். ஆசிரியர் அறைக் கேத்திலைத் திறந்து பார்த்தால்தான் விளங்கும். அடியில் வெள்ளையாகப் படை பிடித்திருக்கும், கரண்டியால் தட்டினால் செதில் செதிலாகக் கழரும். அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டு ஆறவிட்டால் மேலே எண்ணெய் விட்டதுபோல ஒரு ஆடை படரும். சவர்க்காரம் நுரைக்காது. இதெல்லாம் கல்சியம். சனம் ‘கல்லுத்தண்ணி’ என்று சொல்லிவிட்டுப் பேசாமல் குடிக்கும்.

கல்சியம் எனக்குப் பெரிய கவலை இல்லை. பல்தான் கவலை. தரம் 6, 7 இல் சில பிள்ளைகள் சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்துகிறார்கள். முன்பல்லில் சுண்ணாம்பு வெள்ளையாகப் புள்ளிகள், சிலருக்குக் குறுக்கே மண்ணிறக் கோடு. தாய்மார் பிள்ளை ஒழுங்காகப் பல்லுத் தீட்டவில்லை என்று பேசுகிறார்கள். தீட்டித் தீட்டி முரசு கரைந்ததுதான் மிச்சம். அது ஊத்தை இல்லை. நிரந்தரப் பல் முரசுக்குள் உருவாகிற வயதில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீரில் புளோரைட்டு கூடியிருந்ததன் அடையாளம். பல் வெளியே வந்த பிறகு தீட்டிப் போக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் வரை என்கிறது. இலங்கைத் தரநியமம் அதையும் இறுக்கி 1 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. வெயில் ஊரில் பிள்ளைகள் கூடுதலாகத் தண்ணீர் குடிப்பார்கள் என்பதால் அந்த இறுக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது. வவுனியா மாவட்டத்தில் அந்த அளவைத் தாண்டுகிற கிணறுகள் நிறைய.

ஒரு தாய் என்னோடு கோபப்பட்டே கேட்டார். "நான் கொதிக்க வைச்சு ஆறவிட்டுத்தான் ரீச்சர் போத்தல்ல விட்டு விடுறன். பிறகென்ன குறை?" கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட்டு சாகாது. தண்ணீர் ஆவியாக ஆக, மிஞ்சுகிறதில் அது கொஞ்சம் கூடத்தான் செய்யும். இதை அவருக்குச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து, நான் வேறு கதைக்கு மாறிவிட்டேன். அவ்வளவு நாளும் விறகு எரித்த மனிசி.

சிறுநீரக வருத்தத்தையும் சனம் இதோடு சேர்த்துத்தான் கதைக்கிறது. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் நோயாளர் இருக்கிறார்கள், கமம் செய்கிற ஆம்பிளைகள்தான் கூட. தண்ணீர்தான் காரணமா, வேறு பலதும் சேர்ந்தா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. வகுப்பில் நான் ‘இந்தத் தண்ணியாலதான்’ என்று சொல்வதில்லை. பல் விசயத்தை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

மழைத்தண்ணீரில் கல்சியமும் இல்லை, புளோரைட்டும் இல்லை. அப்படியானால் அதைப் பிடித்துக் குடிக்க வேண்டியதுதானே? ஆம். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1995 அளவில் பதுளை, மாத்தறைப் பக்கம் உலக வங்கி உதவியோடு நடந்த நீர் வழங்கல் திட்டத்தில் வீடுகளுக்கு 5,000 லீற்றர் தாங்கிகள் கட்டினார்கள். அடுத்த வருசம், 1996 இல், லங்கா மழைநீர் சேகரிப்பு மன்றம் தொடங்கியது. 2005 இல் நாட்டுக்கு ஒரு மழைநீர்க் கொள்கையும் வந்தது. வன்னிக்கு இது பரவலாக வந்து சேர்ந்தது போர் முடிந்த பிறகு.

ஆனால் மழைத்தண்ணீர் பிடிக்க வன்னிச் சனத்துக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. வெள்ளை வேட்டியை நாலு கம்பில் கட்டி, நடுவில் ஒரு கல்லைப் போட்டு, கீழே குடம் வைத்த வீடுகள் எனக்குத் தெரியும். 2009 இல் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் தண்ணீர்ப் பவுசர் வரிசையில் நின்ற எவருக்கும் தறப்பாள் விளிம்பிலிருந்து வழிகிற மழையின் விலை தெரியும். வாளி, சட்டி, பால்மா ரின் எல்லாம் வெளியே போகும். அதே மழை அந்த வருசம் கூடாரங்களுக்குள் வெள்ளமாகவும் வந்தது. சரி, அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

கணக்குக்கு வருவோம். இதைத் தரம் 8 பிள்ளைகளோடு கரும்பலகையில் போட்டோம். எங்கள் பழைய கட்டடம் நூறடி நீளம், இருபதடி அகலம், ஓட்டுக்கூரை. ஏறத்தாழ 186 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். தெறிப்பது, ஓடு குடிப்பது, பீலியால் வழிவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும், ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் 150 லீற்றரளவு கைக்கு வரும். எங்கள் தாங்கி 10,000 லீற்றர். அது நிரம்ப 67 மில்லிமீற்றர் மழை காணும். வாடைக்காற்றோடு ஒரு தாழமுக்கம் வந்தால் ஓரிரவில் பெய்கிற மழை அது. வருசத்துக்குச் சராசரியாக 1,250 தொடக்கம் 1,500 மில்லிமீற்றர் வரை பெய்கிற இடம் இது. குறைந்த கணக்குப்படி பார்த்தாலும் அந்த ஒரு கூரையில் ஒன்றே முக்கால் லட்சம் லீற்றருக்கு மேல் விழுகிறது. ஒரு பொடியன் எழும்பி, "அப்ப மிச்சத் தண்ணி எங்க ரீச்சர் போகுது?" என்று கேட்டான். மாரியில் விளையாட்டுத் திடல் ஏன் குளமாகிறது என்று அவனுக்கே விளங்கிவிட்டது.

ஆக, மழைக்குப் பஞ்சமில்லை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் ஒரேயடியாக வந்து கொட்டிவிட்டுப் போவதுதான் பிரச்சினை. 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள். அடுத்த வருசக் கோடையில் வடக்கில் பவுசர் ஓடியது.

இப்போது செலவுக் கணக்கு. ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூட நேரத்தில் குடிக்க ஒரு லீற்றர் என்று வைத்தால், நாளுக்கு 100 லீற்றர். வைகாசி தொடக்கம் அடுத்த மழை வரும்வரை, ஆவணி விடுமுறையையும் சனி ஞாயிறையும் கழித்தால் தொண்ணூறு பள்ளி நாளளவு வரும். 9,000 லீற்றர். தாங்கி நிறைந்திருந்தால் மட்டுமட்டாகக் காணும். அதே தாங்கியில் கை கழுவி, சாப்பாட்டுக் கோப்பை கழுவி, கழிவறைக்கும் வாளியில் அள்ளினால் ஒரு பிள்ளைக்குப் பத்து லீற்றர் போகும். அப்போது பத்தே நாளில் தாங்கி காலி.

அயலில் ஒரு பள்ளிக்கூடத்தில் அதுதான் நடந்தது. எங்களுடையதைவிடப் பெரிய தாங்கி, நல்ல வேலை. குழாய் வாசலிலேயே இருந்ததால் எல்லாரும் அதிலேயே எல்லாம் செய்தார்கள். மாசி முடியமுன் வற்றிவிட்டது. கோடையில் வெயில் பட்டு வெறுந்தாங்கியின் சீமெந்து வெடித்தது. அடுத்த மாரியில் பிடித்த தண்ணீரும் வெடிப்பால் ஒழுகியது. கொடுத்தவர்களின் பட்டியலில் அது இன்றைக்கும் வேலை செய்கிற தாங்கியாகத்தான் இருக்கும். பட்டியலில் தாங்கிகளை எண்ணுகிறார்களே தவிர, ஆடி மாதத்தில் உள்ளே எத்தனை லீற்றர் கிடக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. இந்த விசயத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

எங்கள் பள்ளிக்கூடத்தில் தாங்கி கட்டி முடிந்ததும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைத்தான் கதைத்தோம். நான் கரும்பலகைக் கணக்கைக் கடதாசியில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அது தேவைப்படவில்லை. கமக்காரர் அமைப்பில் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு ஐயா, பேரப்பிள்ளைக்காக வந்தவர், பின் வாங்கிலிருந்து சொன்னார். "சிறுபோகத்துக்கு என்ன செய்யிறம்? குளத்தில கிடக்கிற தண்ணியப் பாத்துத்தானே ஏக்கர் பிரிக்கிறம். ஆசைக்கு விதைக்கிறமோ? இதுவும் குளந்தான். கூட்டம் வையுங்கோ, முடிவெடுங்கோ, துருசை ஒரு ஆளிட்டக் குடுங்கோ." துருசு என்றால் குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிற மதகு. ஊரில் ஒவ்வொரு போகமும் நடக்கிற கூட்டம்தான். அதை ஒரு சீமெந்துத் தாங்கிக்கும் வைக்கலாம் என்று எந்தத் திட்ட அறிக்கையும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

முடிவு இதுதான். ஐப்பசி தொடக்கம் தைப்பொங்கல் வரை தாராளமாகக் குடிக்கலாம், போகப் போக மழை நிரப்பும். தைப்பொங்கலோடு பூட்டு. தையில் மிச்ச நாளும், மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் கிணறு. மாரி முடிந்த கையோடு கிணற்றில் தண்ணீர் ஏறி நிற்கும், உவரும் குறைவு. வைகாசியில் மழைத்தாங்கி திறக்கும், குடிக்க மட்டும். கோப்பையும் கையும் கழுவக் கிணற்றுத் தண்ணீர். அந்த மூன்று மாதமும் புளோரைட்டுத் தண்ணீர்தானே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. ஓம். 10,000 லீற்றரில் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

திறப்பு அதிபரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. நாங்கள் மாற்றலாகிப் போகிறவர்கள். பள்ளிக்கூடத்துக்குச் சமைக்க வருகிற ஒரு அக்காவிடம் இருக்கிறது. காலையில் அவர் திறந்து, மூடி போட்டுக் குழாய் பூட்டிய இரண்டு பெரிய வாளிகளில் தண்ணீர் பிடித்து வகுப்புகளுக்கு அனுப்புவார், பிறகு தாங்கியைப் பூட்டுவார். அதிபர் கேட்டாலும் வாளிக்கு மேல் ஒரு சொட்டுக் கிடையாது. ஒருமுறை வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவருடைய வாகனத்துக்குத் தண்ணீர் கேட்டார்கள். கிணற்றைக் காட்டினார்.

இதில் எனக்கு இன்றும் நெஞ்சுக்குள் குத்துகிற ஒரு இடம் இருக்கிறது. ஆடியில் ஊர்க் கிணறுகளும் கலங்கிவிடும். பவுசர் கிழமைக்கு ஒருக்கால் வந்தால் உண்டு. அப்போது படலையடியில் குடத்தோடு வந்து நிற்பார்கள். "ஒரு குடம் ரீச்சர், பிள்ளைக்குக் காய்ச்சல்." எல்லாம் எங்கள் பிள்ளைகளின் தாய்மார்தான். ஒரு குடம் 15 லீற்றர், பதினைந்து பிள்ளைகளின் ஒரு நாள் தண்ணீர். இல்லை என்று சொல்லவும் வாய் வராது. கூட்டத்தில் இதில்தான் சத்தம் கூடியது. ஒருவர் எல்லாருக்கும் கொடுக்க வேணும் என்றார், இன்னொருவர் ஒருவருக்குமே கொடுக்கக்கூடாது என்றார். கடைசியில், கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க ஒரு போத்தல், வருத்தக்காரருக்கு ஒரு போத்தல், குடம் கிடையாது என்று முடிந்தது. செத்தவீட்டுக்கும் இல்லை, கோயில் பொங்கலுக்கும் இல்லை. கடுமைதான். ஆனால் முடிவைச் சொல்ல வேண்டியது அக்கா அல்ல, சங்கம் என்பதால் அவருக்கு ஊரில் பகை வரவில்லை.

இனித் துப்புரவு. மழைநீர் சுத்தமானது என்பது வானத்திலிருந்து கூரைக்கு வரும்வரைக்கும்தான். எங்கள் கூரையில் பகலில் குரங்கு, விடியவும் பொழுதுபடவும் மயில். மயில் வடிவு, ஆனால் அதன் எச்சம் ஓட்டில் காய்ந்து கிடக்கிறதைப் பார்த்தவர் எவரும் அந்தத் தண்ணீரை வாயில் வைக்கமாட்டார். போதாக்குறைக்கு வேப்பஞ்சருகும் பாலைச் சருகும் பீலியில் அடைத்து ஊறிக் கிடக்கும்.

அதற்காகத்தான் பீலிக் குழாய்க்கும் தாங்கிக்கும் இடையில் 200 லீற்றர் பரல் ஒன்றைப் பூட்டியிருக்கிறோம். முதல் மழை பரலுக்குள் போகும். அது நிரம்பிய பிறகுதான் தண்ணீர் தாங்கிப் பக்கம் திரும்பும். ஒரு மில்லிமீற்றர் மழை கூரையைக் கழுவிவிடும் என்று கணக்கு, எங்கள் கூரைக்கு அது ஏறத்தாழ அந்த 200 லீற்றர்தான். ஐப்பசியில் முதல் மழை விட்டதும் பரலின் அடிக்குழாயைத் திறந்து ஒரு போத்தலில் பிடித்து வகுப்பில் வைத்தேன். கடும் தேத்தண்ணி நிறம். மேலே ஒரு சின்னத் தூவல் மிதந்தது, அடியில் ஒரு விரல் மொத்தத்துக்குக் கறுத்த மண்டி. பக்கத்தில் தாங்கித் தண்ணீர்ப் போத்தல். அதற்குப் பிறகு பரலைத் திறந்துவிடுகிற வேலையைத் தரம் 9 பொடியளுக்கு ஞாபகப்படுத்த வேண்டி வரவில்லை. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் திறந்து வாழைக்கு விடுகிறார்கள். விடாவிட்டால் அடுத்த மழையின் ஊத்தை நேரே தாங்கிக்குள்தான்.

பரலுக்குப் பிறகு சல்லி, சிரட்டைக்கரி, மணல் போட்ட வடிகட்டி. அதை வருசத்துக்கு ஒருமுறை, புரட்டாதியில், அள்ளிக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போட வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் அளவு பார்த்துச் சொல்வார். வாந்தி, வயிற்றோட்டம் ஊரில் நடமாடினால் கொதிக்க வைத்தும் கொடுப்போம்.

தாங்கி வாயிலும் வழிகுழாயிலும் சின்னக் கண் வலை. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. டெங்கு ஒன்று. இன்னொன்று மலேரியா. வன்னியில் வளர்ந்த எனக்கு மலேரியாக் காய்ச்சலின் நடுக்கம் தெரியும். 2016 புரட்டாதியில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. அந்த வருசக் கடைசியிலேயே, இந்தியாவின் நகரங்களில் மலேரியா பரப்புகிற அனோபிலிஸ் ஸ்ரெபன்சி என்ற நுளம்பு மன்னாரில் பிடிபட்டது. கிணற்றிலும் தாங்கியிலும் முட்டையிடுகிற இனம். வலையில் ஒரு விரல் போகிற ஓட்டை இருந்தால், தாங்கி அதற்குக் கட்டிக்கொடுத்த வீடு.

பிள்ளைகள் முதலில் இந்தத் தண்ணீரைக் குடிக்க மறுத்தார்கள். "சப்பெண்டு கிடக்கு ரீச்சர்." பிறந்ததிலிருந்து கல்லுத்தண்ணி குடித்த நாக்கு. மழைத்தண்ணி குடித்தால் தடிமன் வரும் என்று வீட்டில் அம்மம்மாமார் வேறு. நான் பிரசங்கம் செய்யவில்லை. ஆசிரியர் அறைக்கு மழைத்தண்ணீரில் தேத்தண்ணி போடச் சொன்னேன். ஆடை இல்லை, நிறம் செம்பாக இருந்தது, சாயம் பாதி போட்டாலே போதும். சமைக்கிற அக்காமார் ஒருநாள் அதில் பருப்பு அவித்துப் பார்த்தார்கள், வழக்கத்தைவிடக் கெதியாக அவிந்துவிட்டது. அந்தக் கதை பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. விஞ்ஞான ரீச்சர் சொல்லி நடக்காததை ஒரு பானைப் பருப்பு செய்தது. பிறகுதான் சமையலுக்கும் அந்தத் தண்ணீர் வேணும் என்று புதுச் சண்டை தொடங்கியது. இல்லை என்று சங்கம் சொல்லிவிட்டது.

இப்போதைக்கு என் குறி மாசி, பங்குனி, சித்திரை. அந்த மூன்று மாதத்துக்கும் கணக்குப் பார்த்தால் இன்னும் 6,000 லீற்றர் போதும். பின்கட்டடத்தின் கூரை சும்மா மழையை நிலத்தில் கொட்டுகிறது. தகரக் கூரை, ஓட்டுக்கூரையைவிடக் கழுவுவது சுகம், நல்ல நிலையிலும் இருக்கிறது. அஸ்பெஸ்ரஸ் கூரை என்றால் நான் கேட்டிருக்கமாட்டேன், எங்கள் பக்கத்தில் அவை பழசாகி உதிர்கிற நிலையில்தான் இருக்கின்றன. சங்கத்தில் காசு கொஞ்சம் சேர்ந்திருக்கிறது, ஊரில் பெரோசீமெந்து வேலை தெரிந்த மேசன் ஒருவர் கூலியில் பாதியை விடுவதாகச் சொல்லியிருக்கிறார். கம்பிவலையும் சீமெந்தும்தான் வாங்க வேணும். முழுப்பீலியும் புதிதாகப் போட்டால், குரங்கு தொங்கினாலும் கழராத இரும்புப் பிடிகளாகப் பார்த்துப் போட வேண்டும். பிளாஸ்ரிக் பிடி ஒரு மாரிக்கே தாங்கவில்லை.

யாராவது உதவ நினைத்தால், தயவுசெய்து பெயர்ப்பலகை செய்து அனுப்ப வேண்டாம். வேறொரு பள்ளிக்கூடத்தில் தாங்கியைவிடப் பலகைக்கு நல்ல சீமெந்து போட்டிருந்ததைப் பார்த்தேன். இருபதடி அலுமினிய ஏணி ஒன்று புரட்டாதிச் சிரமதானத்துக்கு முன்னர் வந்து சேர்ந்தால் நல்லது. இப்போது இருப்பது மூங்கில் ஏணி, மூன்றாவது படி இல்லை.